அம்புக்கு முன் வந்து சேரும் ஒலி

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகருக்கு வடமேற்கே சுண்ணாம்புக்கல் மேடுகளாக விரிந்து கிடக்கிறது ஹில் கன்ட்ரி. ஓக் மரங்கள், அங்குள்ளவர்கள் சீடர் என்று சொல்லும் ஜூனிப்பர் புதர்கள், நடுநடுவே காய்ந்த புல்வெளி. பண்ணைகளில் மூன்று கால் நட்டு மேலே பீப்பாய் ஏற்றிய ஃபீடர்கள் நிற்கும். குறித்த நேரம் வந்ததும் மோட்டார் சுழன்று மக்காச்சோளத்தை இறைக்கும். அந்தச் சோளத்துக்கு ஒரே மாலையில் இரண்டு சாதி மான்கள் வரும். ஒன்று அந்த மண்ணின் வெள்ளைவால் மான். மற்றொன்று முதுமலையிலும் கிண்டியிலும் நாம் பார்க்கும் அதே புள்ளிமான். அங்கே அதன் பெயர் ‘ஆக்சிஸ்’. 1932-ல் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டி, பெருகி, இன்று அந்த மேடுகளில் தன்னிச்சையாகத் திரிகிறது.

இந்த ஊர் வில் வேட்டைக்காரர்களிடம் பேச்சுக்கொடுத்தால் ஒரு தீர்ப்பு தவறாமல் வரும். வெள்ளைவால் மான் நாணொலி கேட்டுக் குனியும். ஆனாலும் அம்பு எய்கிறவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆக்சிஸ் அப்படியில்லை, அம்பு போய்ச் சேரும்போது அது அந்த இடத்திலேயே இருக்காது. ஹவாய்த் தீவுகளில் புள்ளிமான் வேட்டையாடுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் பதிலும் தயார்: “புலிக்கு ஓடிப் பழகிய இனம் அல்லவா!”

தீர்ப்பில் உண்மை இருக்கிறது. காரணத்தில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே வில், ஒரே சோளம், ஒரே மாலை என்று இரண்டு மான்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இயற்கையும் மனிதனும் சேர்ந்து ஒரு மேடை போட்டுத் தந்திருக்கும்போது, அதைக் கொஞ்சம் பொறுமையாகவே பார்க்கலாம்.

முதலில் கணக்கு. துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா ஒலியை விட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. வெடிச் சத்தம் மானின் காதுக்கு வருமுன்னே தோட்டா வந்துவிடும். அம்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கப்பிகள் பூட்டிய நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 75 முதல் 90 மீட்டர். மரத்தில் செய்த பழைய பாணி வில் என்றால் 45, 55 அவ்வளவுதான். ஆக, எந்த வில்லானாலும் தான் வருவதைத் தானே முன்கூட்டி அறிவித்துக்கொண்டுதான் அம்பு வருகிறது.

நொடிக்கு 85 மீட்டர் வேக அம்பை எடுத்துக்கொள்வோம். மான் 20 கஜத்தில் நிற்கிறது. மீட்டரில் சுமார் பதினெட்டு. ஒலி 0.05 நொடியில் சேரும், அம்பு 0.21 நொடியில் சேரும். இடைவெளி 0.16 நொடி. 30 கஜம் என்றால் இடைவெளி 0.24 ஆகிறது, 40 கஜம் என்றால் 0.32. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் மானுக்கு அது நிறைய.

அந்த நேரத்தில் மான் என்ன செய்கிறது என்பது வெகுகாலம் தவறாகவே புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதை ‘ஜம்பிங் த ஸ்ட்ரிங்’ என்கிறார்கள், அதாவது நாணைத் தாண்டுவது. பெயரைக் கேட்டால் மான் மேலே எகிறுவதுபோலத் தோன்றும். வினாடிக்குப் பல நூறு படங்கள் எடுக்கும் கேமராக்கள் சாதாரண மனிதர்களின் கைக்கும் வந்த பிறகு, வேட்டைக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். மான் எகிறவில்லை. முதலில் அது கீழே இறங்குகிறது. முன்னங்கால்கள் மடிகின்றன, மார்பு தாழ்கிறது, உடல் ஒலி வந்த பக்கத்துக்கு எதிராகத் திரும்புகிறது, அதன் பிறகே பாய்ச்சல். நாம் குதிப்பதற்கு முன் முழங்காலை மடிப்பது போலத்தான். மடக்காமல் உந்த முடியாது. அம்பை ஏய்ப்பது அதன் நோக்கமே இல்லை. அது ஓடத் தயாராகிறது. அந்தத் தயாரிப்பின் நேரத்தில் அம்பு அதன் முதுகுக்கு மேலே போய்விடுகிறது.

கால் மடிந்த உடம்பு புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டு விழுகிறது என்று வைத்தால் இதையும் கணக்கிடலாம். ஒலி காதில் பட்டதிலிருந்து கால் தளர்வது வரைக்கும் பத்தில் ஒரு நொடி ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 கஜத்தில் அம்பு வந்து சேரும்போது மான் 2 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். பொருட்டே இல்லை. 30 கஜத்தில் 10 சென்டிமீட்டர். 40 கஜத்தில் 25. இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியே கிட்டத்தட்ட அவ்வளவு உயரம்தான். இப்போது அந்தத் தாமதத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்: 30 கஜத்தில் 18 சென்டிமீட்டர், 40-ல் 37. நூறில் ஐந்து பங்கு நொடி முந்தினால் போதும். காயப்பட வேண்டிய மான் முடிகூட உதிராமல் தப்பிவிடும். இரண்டு மான்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்று நாம் தேடுவது இந்த அளவுக்குச் சிறிய ஒன்றைத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வெள்ளைவால் மான். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சில லட்சமாகச் சுருங்கிப்போன இனம், வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பெருகி இன்று சுமார் 3 கோடி. டெக்சாஸில் மட்டுமே 50 லட்சத்துக்குக் குறையாது. நவீன வில் வேட்டை என்ற கலையே பெரும்பாலும் இந்த மானைச் சுற்றித்தான் வளர்ந்தது. கலிஃபோர்னியாவில் 1911-ல் காட்டைவிட்டு வெளியே வந்த யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷியிடம் வில் கற்றுக்கொண்ட மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1923-ல் எழுதிய நூல்தான் இவர்களுக்கு மூலநூல் மாதிரி. 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனியாக மான் வேட்டைப் பருவம் ஒதுக்கியது. 1960-களில் மிசூரிக்காரரான ஹோலஸ் வில்பர் ஆலன் கப்பி வில்லைக் கண்டுபிடித்தார். 1969-ல் காப்புரிமை கிடைத்தது. இந்த வரலாறு முழுக்க, இலக்கில் நின்றது பெரும்பாலும் வெள்ளைவால் மான்தான்.

அதன் காது அளக்கப்பட்டிருக்கிறது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பழக்கிய மான்களுக்கு வெவ்வேறு ஒலிகளைக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். ஓரளவு உரத்த ஒலியாக இருந்தால் 115 ஹெர்ட்ஸ் முதல் 54,000 ஹெர்ட்ஸ் வரை அதற்குக் கேட்கிறது. மனிதக் காது 20,000-லேயே நின்றுவிடும், அதுவும் இளமையில். மானுக்கு மிகக் கூர்மையாகக் கேட்பது 8,000 ஹெர்ட்ஸ் அருகில். அடித்தொண்டைச் சத்தங்களில் நாம்தான் அதை விடத் தேவலை. கீச்சும் கிரீச்சும் கிளிக்கும்தான் அதன் ராஜ்ஜியம். வேட்டைக்காரர் தன் வில்லைக் கொல்லையில் எய்து பார்த்து “சத்தமே இல்லை” என்று திருப்திப்படும்போது, அவர் காதுக்கு எட்டாத ஒரு மேல்ஸ்தாயி மானுக்கு எட்டுகிறது.

இதையெல்லாம் மீறி, வெள்ளைவால் மான் பல சமயம் அசைவதே இல்லை. நாண் தெறிக்கும், அம்பு பாயும், மான் ஏதோ ஈ கடித்ததுபோல நாலடி துள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அடுத்த முறை, அதே தூரத்தில், அதே வில்லுக்கு, தரையோடு தரையாகப் படிந்துவிடும். ஒரே விலங்குக்கு இரண்டு முகம். எது எந்த முகத்தை வரவழைக்கிறது என்பதில் அனுபவசாலிகள் ஒருமித்த கருத்துடையவர்கள்: தலை கீழே, வால் தளர்வாக ஆட, வாயில் சோளத்தோடு நிற்கும் மான் கேட்டுவிட்டுத் தாமதிக்கும், தலை நிமிர்ந்து, காதை முன்னே குவித்து, முன்னங்காலைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கும் மான் தாமதிக்காது. நடந்து போகும் மானை நிறுத்துவதற்கு வேட்டைக்காரர்கள் வாயால் ‘மே’ என்று ஒரு சத்தம் கொடுப்பதுண்டு. மான் நிற்கும், குறி சுலபமாகும். ஆனால் அந்தச் சத்தத்தாலேயே அது உஷாராகிவிட்டது. நிற்கவைத்தவனே அதைக் குனியவும் வைத்தவன்.

உடலியல் இதற்கு ஒத்துப்போகிறது. திடீர் ஒலிக்குத் திடுக்கிடுவது யோசனையின் வேலையல்ல. காதிலிருந்து மூளைத்தண்டு, அங்கிருந்து தண்டுவடம், தசை என்று மிகக் குறுகிய பாதை. எலிகளில் அளந்தபோது பின்னங்கால் தசை நூறில் ஒரு நொடிக்குள்ளேயே மின்துடிப்புக் காட்டியது. ஆனால் இந்தப் பாதையின் மீது அச்சத்துக்கு ஒரு பிடி உண்டு. ஏற்கெனவே பயந்திருக்கும் விலங்கின் திடுக்கிடல் பெரிதாகிறது என்பது 1950-களிலேயே ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது. இருட்டில் தனியாக நடக்கும்போது யாராவது தோளைத் தொட்டால் நாம் எகிறுவதும் கல்யாண வீட்டில் தொட்டால் திரும்பிப் பார்ப்பதும் இதே விஷயம்தான். நாணொலி துப்பாக்கிக் குதிரை மாதிரி. குண்டு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் குண்டைச் சதா நிரப்பியே வைத்திருக்கும் விலங்கு என்று புள்ளிமானைச் சொல்லலாம்.

ஜார்ஜ் ஷாலர் 1960-களில் மத்தியப் பிரதேசத்தின் கானாவில் தங்கி மானையும் புலியையும் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அந்த நூல் 1967-ல் வந்தது. அதற்குப் பிறகு நம் காடுகளில் நடந்த ஆய்வுகளும், ஏன், முதுமலை போய்வந்த சுற்றுலாப் பயணியின் கண்ணும்கூடச் சொல்லும் செய்தி ஒன்றே: புள்ளிமான் கூட்டத்து உயிர். பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேல். மேய்ச்சலில் எப்போதும் யாரோ ஒருத்தி தலையைத் தூக்கியிருப்பாள். மரத்தின் மேல் மந்தி இருந்தால் அதன் கண்ணையும் கடன் வாங்கிக்கொள்ளும். மந்தி உதிர்க்கும் தழையைக் கீழே மான் தின்னும், மந்தியின் இருமல் கேட்டால் மானும் ஓடும். புலி, சிறுத்தை, செந்நாய் என்று மூன்று விதமான வேட்டைக்கு மூன்று விதமாகப் பதில் சொல்ல வேண்டிய வாழ்க்கை. ஆபத்து என்று ஒரு மான் கத்தினால் அந்தக் கீச்சுக்குரல் காடு முழுக்கத் தொற்றிக்கொள்ளும்.

வெள்ளைவால் மான் வேறு ரகம். பெண் மானும் குட்டிகளுமாக மூன்று நான்கு; கிடா பெரும்பாலும் தனி, அல்லது இரண்டு மூன்று கிடாக்கள் கூடி. அது புதரின் ஓரத்து ஆள். ஒளிவதே அதன் முதல் உத்தி, ஓட்டம் இரண்டாவது. சந்தேகம் வந்தால் அசையாமல் நின்று, முகர்ந்து, தலையைக் கவிழ்ப்பதுபோல் பாவனை செய்து சட்டென்று நிமிர்ந்து, அவசரமில்லாமல் முடிவெடுக்கும். வெட்டவெளியில் மேய்கிற புள்ளிமானுக்கு ஒளிய இடமில்லை. ஆகவே யோசிக்க நேரமும் இல்லை.

இந்த வேறுபாட்டை வில்லின் முன் கொண்டுவந்து வையுங்கள். ஒரு வெள்ளைவால் கிடா தலையைக் கவிழ்த்துத் தின்கிறது என்றால், கவனிக்க வேண்டிய காது இரண்டுதான், அவையும் கவனிக்கவில்லை. முப்பது புள்ளிமான் நிற்கிற இடத்தில் அறுபது காதுகள். குறிவைத்த கிடா மெய்ம்மறந்து மேயலாம். ஆனால் நாலடி தள்ளி ஒரு பெண் மான் வில் இழுபடும்போதே கையசைவைப் பார்த்துவிட்டது, உடல் விறைத்துவிட்டது, அந்த விறைப்பு பக்கத்து மானுக்குத் தெரிகிறது. நாண் தெறிக்கும்போது குறிவைத்த கிடாவும் பாதி உஷாரில்தான் இருக்கிறது, தான் எதையும் பார்க்காவிட்டாலும். நூறில் ஐந்து பங்கு நொடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், என் பதில் இதுதான்: காலிலிருந்து அல்ல, கூட்டத்திலிருந்து.

இன்னொன்றும் இருக்கிறது, இதை வேட்டைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. வெள்ளைவால் கிடாவுக்கு வருடத்தில் ஒரு பலவீனமான காலம் உண்டு. நவம்பரை ஒட்டிய இணைசேர் பருவத்தில் அது பெண் மானின் பின்னால் கண்மண் தெரியாமல் ஓடும். வருடம் முழுக்க இரவில் மட்டும் நடமாடிய கிழட்டுக் கிடாகூட நட்ட நடுப்பகலில் பரணுக்குக் கீழே வந்து நிற்கும். எல்லாக் கிடாக்களுக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பித்துப் பிடிக்கிறது. புள்ளிமானுக்கு அப்படி ஒரே பருவம் கிடையாது. வெப்ப நாட்டு விலங்கு. டெக்சாஸில் கோடையில் உச்சம் என்றாலும், கொம்பு முற்றியவனும் கொம்பு உதிர்த்தவனும் தோல் போர்த்த கொம்போடு இருப்பவனும் ஒரே கூட்டத்தில் ஒரே நாளில் நிற்பார்கள். ஒருவனுக்குப் பித்து என்றால் பக்கத்தில் நிற்பவன் தெளிவாக இருப்பான்.

சட்டமும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறது. டெக்சாஸில் வெள்ளைவால் மானுக்கு வேட்டைக்காலம் உண்டு. வில் பருவம் அக்டோபரை ஒட்டித் திறக்கும், குளிர்காலத்தோடு துப்பாக்கியும் ஓயும், பிறகு பல மாதங்கள் நிம்மதி. வெளிநாட்டு இனம் என்பதால் ஆக்சிஸுக்கு அந்தக் கணக்கே இல்லை. தனியார் நிலத்தில் பன்னிரண்டு மாதமும் வேட்டையாடலாம். மறக்க அவகாசமே கொடுக்காமல் பாடம் நடத்தினால் மாணவன் தேறித்தான் தீருவான்.

பரீட்சையும் ஒன்றல்ல என்பதைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை முடித்தால் அது ஏமாற்று. வெள்ளைவால் மானை வில்லால் அடிப்பவர் பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர் உயரப் பரணில், முன்பே தேர்ந்தெடுத்த தடத்தில், 15 முதல் 25 கஜத்துக்குள் எய்கிறார். அதற்குக் குறைந்த தூரத்துக்குக் காத்திருக்கவும் முடியும். ஹவாயின் மாவி, மொலக்காய், லனாய் தீவுகளில் புள்ளிமானைத் தேடிப்போகிறவர் புல்மேட்டில் தவழ்ந்து நெருங்க வேண்டும். 40 கஜம் கிடைத்தாலே பெரிய காரியம். பலர் 50, 60-லிருந்து விடுகிறார்கள். நாம் முன்பு போட்ட கணக்கு என்ன சொன்னது? 20 கஜத்தில் நின்ற மான் மிகச் சுறுசுறுப்பானதாக இருந்தாலும் பெரிதாகத் தப்ப முடியாது. 40 கஜத்தில் மந்தமான மான்கூடத் தப்பலாம். புள்ளிமானின் புகழில் ஒரு பங்கு அதன் காலுக்கு அல்ல, அந்தக் கூடுதல் இருபது கஜத்துக்குப் போக வேண்டியது. ஹில் கன்ட்ரியின் ஃபீடர் அடியில் தூரம் சமமாக இருக்கும்போதும் ஆக்சிஸ் முந்துகிறது என்று அங்குள்ளவர்கள் சொல்வதால்தான், மீதிப் பங்குக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

வில்காரர்கள் இந்த இரண்டு மானுக்கும் கண்டுபிடித்திருக்கும் மருந்துகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். நாணில் ரப்பர் மீசையும் ரோமக் குஞ்சமும் கட்டுகிறார்கள். வில்லின் கைகளில் அதிர்வு தாங்கிகள் ஒட்டுகிறார்கள். எய்த பிறகு வரும் ரீங்காரம் அடங்கிவிடும். கேட்க இதமாக இருக்கும். ஆனால் அந்த ரீங்காரம் மனிதனுக்குத்தான் தொல்லை. மானின் கால் மடிவது முதல் ‘டக்’குக்கு. ரீங்காரம் ஓய்வதற்குள் அம்பு சேர்ந்தே விட்டது. அந்த முதல் அடியைக் குறைக்க உருப்படியான வழி அம்பின் எடையைக் கூட்டுவது. கனமான அம்பு வில்லின் ஆற்றலில் அதிகப் பங்கை வாங்கிக்கொண்டு போவதால், சத்தமாகச் சிதற மிச்சம் குறைவு. விலை என்னவென்றால் அம்பு மெதுவாகும், இடைவெளி நீளும். வேக அம்பு விரும்புகிறவரும் கன அம்பு விரும்புகிறவரும் இதைப் பற்றி ஐம்பது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். வெள்ளைவால் மானைப் பொறுத்தவரை எனக்குக் கன அம்புக்காரர் சொல்வது சரியாகப் படுகிறது: அசட்டையாக மேயும் மானுக்குச் சத்தம் குறைந்தால் போதும், அது காதைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்ளும். பாதி உஷாரில் நிற்கும் புள்ளிமானுக்குச் சின்னச் சத்தமும் சத்தம்தான். அங்கே வேகம் உதவலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு 120 மீட்டர் தாண்டும் குறுக்குவில்லும் ஒலிக்கு முன் ஓட முடியாது. அதன் சத்தமோ சாதாரண வில்லை விடப் பெரிது.

குறி வைப்பதிலும் அப்படித்தான். வெள்ளைவால் மானுக்கு, கொஞ்சம் தூரம் என்றால் இதயத்தின் கீழ்ப்பாதியைக் குறி வை என்பார்கள். குனிந்தால் நுரையீரலில் படும், குனியாவிட்டால் இதயத்தில் படும். இரண்டும் லாபம். புள்ளிமானுக்குச் சிலர் மார்பின் அடிவிளிம்பையே குறி வைக்கச் சொல்கிறார்கள், அது நிச்சயம் இறங்கும் என்ற கணக்கில். இறங்கினால் சரி. உடம்போடு திரும்பியும் இறங்கினால்? அம்பு வயிற்றில் போகும். மான் ஓடிப்போய் எங்கோ சீடர் புதரில் மணிக்கணக்கில் சாகும். உஷாராக நிற்கும் ஆக்சிஸ் மீது தூரத்திலிருந்து எய்வதே கூடாது என்று சொல்லும் வேட்டைக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். வில்லைத் தளர்த்திக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும் அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

இங்கே ஒரு பழைய நினைவு குறுக்கே வருகிறது. வால்மீகியின் கதையில் தாடகை வனத்துக்குள் நுழைந்ததும் இராமன் முதலில் நாணைத்தான் தெறிக்கிறான். காட்டு உயிர்கள் நடுங்குகின்றன. அந்த ஒலி கேட்டுத் தாடகை வருகிறாள். போர்வீரனுக்கு நாணொலி ஓர் அறிவிப்பு, கேட்க வேண்டும் என்றே எழுப்புவது. அதே கதையில் தசரதன் நீர் மொள்ளும் ஒலியை யானை என்று எண்ணி இருட்டில் எய்து, ஒரு சிறுவனைக் கொல்கிறான். அங்கே கேட்டது மனிதக் காது, கேட்டதும் தப்பு. ஃபீடருக்கு எதிரே குந்தியிருக்கும் வேட்டைக்காரருக்குத் தெறிக்கிற நாணும் வேண்டும், கேளாத செவியும் வேண்டும்.

புலிக்கு வருவோம். புலியோடு வாழ்ந்த பரம்பரை ரத்தத்தில் இருக்கிறது என்ற விளக்கம் அழகானது. ஆனால் வெள்ளைவால் மானும் ஒன்றும் பூங்காவில் வளர்ந்ததில்லை. ஓநாயும் மலைச்சிங்கமும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் அதைத் தின்றிருக்கின்றன. அதோடு ரத்தம்தான் காரணம் என்றால், புள்ளிமான் எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படி இல்லை.

ஹவாய்க்கு அது 1868-ல் போனது. ஹாங்காங்கிலிருந்து ஐந்தாம் கமேஹமேஹா மன்னருக்கு வந்த பரிசு, முதலில் மொலக்காய் தீவில் இறங்கியது. அந்தத் தீவுகளில் மானைத் தின்னும் பெரிய விலங்கு ஒன்றுகூட இல்லை. ஒன்றரை நூற்றாண்டாகப் புலியின் வாடையே இல்லாத இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த மான்தான், இன்று வில்காரர்களை அழவைக்கிறது. ஏனென்றால் அங்கே மனிதன் விடாமல் துரத்துகிறான். மாவியில் பல்லாயிரமாகப் பெருகி மேய்ச்சலையும் பயிரையும் தீர்த்ததில், வறட்சியோடு சேர்ந்து 2021-ல் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. வேட்டை அங்கே பொழுதுபோக்கு மட்டுமல்ல, அரசின் விருப்பமும்கூட.

அதே மானை ஆங்கிலேயர் அந்தமானுக்கும் கொண்டுபோனார்கள். அங்கேயும் புலி இல்லை, சிறுத்தை இல்லை. போர்ட் பிளேயருக்கு (இன்று ஸ்ரீ விஜயபுரம்) எதிரே, முன்பு ராஸ் தீவு என்றும் 2018-லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் அழைக்கப்படும் சின்னத் தீவில், இடிந்த தேவாலயச் சுவரை ஆலவேர்கள் பிடித்திருக்கும் நிழலில் புள்ளிமான்கள் உலாவுகின்றன. அங்கே வேட்டை இல்லை. இந்தியாவில் புள்ளிமான் வேட்டையை 1972-ன் வனவிலங்குச் சட்டம் இன்று தடுக்கிறது. சென்னை ஐஐடி வளாகத்திலும் பார்க்கலாம், மாணவர்களின் சைக்கிள் மணிக்குப் புள்ளிமான் வழிவிடுவதுகூட இல்லை.

மொலக்காயும் ராஸும்: இரண்டும் புலியில்லாத தீவுகள், இரண்டிலும் அதே இனம். ஒன்றில் வில்லின் சத்தம் உண்டு, மற்றொன்றில் இல்லை. ராஸில் படகிலிருந்து இறங்குகிற குடும்பம் பிஸ்கட்டை நீட்டுகிறது. மான் வந்து உள்ளங்கையிலிருந்து எடுக்கிறது. பக்கத்திலேயே ஒரு கேமரா ‘டக்’ என்று கிளிக்குகிறது. கேட்கிறது அதற்கு: ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் சுழன்று, ஒரு கணம் நின்று, மறுபடி தன் இடத்துக்கு வருகிறது. முன்னங்கால்கள் நேராகவே இருக்கின்றன. வாய் மென்றுகொண்டிருக்கிறது.